கையெழுத்து வாங்கியாச்சு, தாள் எங்கே? மாடல் ரிலீஸ் சேமிப்பில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

ஆறு வருடத்துக்கு முன்னால் எடுத்த படம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண் கடிதம் படிக்கிறார். அதைத் தங்கள் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்க ஒரு நிறுவனம் கேட்டது. என் படங்களை விற்றுத்தரும் ஸ்டாக் ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது: ரிலீஸை நாளைக்குள் அனுப்புங்கள். ரிலீஸ் என்றால், படத்தைப் பயன்படுத்த அதில் இருப்பவர், அதாவது மாடல், சம்மதித்துக் கையெழுத்திடும் தாள். எனக்குப் பதற்றமே இல்லை. கையெழுத்து வாங்கியிருந்தேன், ஸ்கேனும் செய்திருந்தேன். ஃபைலைத் திறந்தேன். நான் கறுப்புப் பேனாவில் நிரப்பிய பெயரும் தேதியும் பளிச்சென்று இருந்தன. கையெழுத்துக் கோட்டின் மேல் வெறும் வெள்ளை. அவர் வெளிர்நீலப் பேனாவில் போட்ட கையெழுத்தை, கறுப்பு வெள்ளை மோடில் நான் செய்த ஸ்கேன் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. அசல் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அந்த விற்பனை போய்விட்டது.

அதற்குப் பிறகு என் சேமிப்பு முழுவதையும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அதில் அகப்பட்டவையும், படம் எடுக்கும் நண்பர்கள் கொண்டுவந்தவையும்தான் கீழே இருக்கின்றன. உங்களுக்கு வந்திருக்கும் கோளாறு எதுவோ, நேராக அந்த இடத்துக்குப் போய்ப் படிக்கலாம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. விளம்பரம் போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு விற்கும் படத்தில், அடையாளம் தெரியும்படி ஒருவர் இருந்தால் ஏஜென்சிகள் ரிலீஸ் கேட்கும். செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று விற்கும் படத்துக்குப் பொதுவாகக் கேட்பதில்லை. முகம் தெரிந்தால்தான் அடையாளம் என்றும் இல்லை. தனித்துவமான பச்சை குத்தல் ஒன்றே போதும். நீங்களே உங்களை எடுத்த படத்துக்கும் ரிலீஸ் வேண்டும். இந்தத் தாள் ஒரு முகத்தையும் ஒரு படத்தையும் ஒரு கையெழுத்தையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு. சேமிப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தாள் தொலைந்ததால் வருவதில்லை. தாள் பத்திரமாக இருக்கும், முடிச்சு அவிழ்ந்திருக்கும்.

அறிகுறி: படம் திரும்பி வருகிறது, காரணம் "ரிலீஸ் ஏற்கப்படவில்லை"

முதலில் நீங்கள் அனுப்பிய ஸ்கேனை நூறு சதவீத அளவில் திறந்து, ஓர் அந்நியரைப் போலப் பாருங்கள். தாளின் நான்கு ஓரமும் தெரிகிறதா? ஃபோனில் பிடித்த ஸ்கேன் என்றால் கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்; சாட்சியின் கையெழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரண்டு பக்கப் படிவத்தில் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறதா? உங்கள் கை நிழல் தேதியின் மேல் விழுந்திருக்கிறதா?

அடுத்தது கையெழுத்து. ஸ்கேனரில் "டெக்ஸ்ட்" அல்லது கறுப்பு வெள்ளை மோடை இனிமேல் தொடாதீர்கள். கலரில், 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) செய்யுங்கள். ஏ4 தாள் அப்போது 2480 × 3508 பிக்சல் வரும். அந்த அளவில் பேனா முனை தாளில் அழுந்திய கோடு, மை திட்டான இடம் எல்லாமே தெரியும். ஃபோன் ஆப் என்றால் அதில் தானாக வேலை செய்யும் "மேஜிக்" ஃபில்டரை அணைத்துவிடுங்கள். என் ஜன்னலோரப் பெண்ணின் கையெழுத்தை விழுங்கியது அந்த மாதிரி ஒரு வடிகட்டல்தான்.

ஃபைல் வகையையும் பாருங்கள். ஐஃபோன்கள் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை ஹெச்இஐசி வகையில் சேமிக்கின்றன. பெயரின் பின்னொட்டை மட்டும் ஜேபெக் என்று மாற்றி அனுப்பினால் வேலைக்கு ஆகாது. ஜேபெக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பை அனுப்பியிருந்தாலும் பரிசீலிப்பவரால் திறக்க முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வந்தால் தேதியைப் பாருங்கள். 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. படம் ஏப்ரல் 3-ல் எடுத்தது, தேதியை மார்ச் 4 என்று பரிசீலிப்பவர் படிக்கிறார் என்றால், படம் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே கையெழுத்து வாங்கியதாகத் தெரியும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், அல்லது 2024-04-03 என்று வருடத்தில் தொடங்குங்கள். கேமராவின் கடிகாரம் தப்பாக ஓடினாலும் இதே சண்டை வரும், எனவே படத்தின் மெட்டாடேட்டாவில், அதாவது ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும் தகவலில், உள்ள தேதியையும் ஒப்பிடுங்கள். கடைசியாக, மாடலின் கையெழுத்தும் சாட்சியின் கையெழுத்தும் ஒரே கையால் போட்டவை போல இருந்தால் அதை யாரும் ஏற்கமாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

அறிகுறி: தாள் கையில் இருக்கிறது, யாருடையது, எந்தப் படத்துக்கு என்று தெரியவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையான கோளாறு. ஐந்து பேர் சேர்ந்து சிரிக்கும் ஒரு படம், ஐந்து தாள். எந்தப் பெயர் எந்த முகம்? எடுத்த அன்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பீர்கள். இரண்டு வருடம் கழித்து முடியாது. இடமிருந்து மூன்றாவது ஆளின் தாளை நான்காவது ஆளுக்கு இணைத்து அனுப்பிவிட்டால், ஒப்புதலே தராத ஒருவரின் முகத்தை விற்றதாக ஆகிவிடும்.

பழைய குவியலைச் சரிசெய்ய நான் செய்தது இது. எல்லாத் தாள்களையும் கையெழுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். கம்ப்யூட்டரில் படங்களை எடுத்த தேதி வாரியாக அடுக்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் முக்கால்வாசி தானாகப் பொருந்திவிடும், ஏனென்றால் பெரும்பாலும் எடுத்த அன்றேதான் கையெழுத்து வாங்கியிருப்போம். அந்தக் காலத்து மின்னஞ்சல், செய்திப் பரிமாற்றம், பணம் அனுப்பிய பதிவு ஆகியவை இன்னும் கொஞ்சத்தை அவிழ்க்கும். மிச்சம் நின்றவர்களுக்கு நேராகப் படத்தை அனுப்பி, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியும் நிச்சயமாகப் பொருந்தாதவற்றை விற்பனையிலிருந்து இறக்கிவிட்டேன். அநேகமாக இவர்தான் என்ற அளவில் ஒரு முகத்தை விற்கக் கூடாது.

இனி வரும் தாள்களுக்கு ஓர் எண் கொடுங்கள். நான் தேதியும் வரிசையும் வைக்கிறேன்: 20230814-02 என்றால் 2023 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான இரண்டாவது தாள். அந்த எண் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். தாளின் மேல் மூலையில் பேனாவால், ஸ்கேன் ஃபைலின் பெயராக, அப்புறம் படத்துக்குள்ளேயே. படத்துக்குள் வைக்க, ஐபிடிசி என்ற பொதுத் தர மெட்டாடேட்டாவில் இதற்கென்றே "மாடல் ரிலீஸ் ஐடி" என்றொரு கட்டம் இருக்கிறது. லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் ஐபிடிசி எக்ஸ்டென்ஷன் பகுதியில் காணலாம். பக்கத்திலேயே ரிலீஸின் நிலையைக் குறிக்கும் கட்டமும் உண்டு. ரிலீஸ் இல்லை, தேவையில்லை, வரம்பில்லாமல் உண்டு, வரம்போடு அல்லது குறையாக உண்டு என்று நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மெட்டாடேட்டாவில் எண்ணை மட்டும் போடுங்கள். முகவரியும் ஃபோன் நம்பரும் அங்கே போகவே கூடாது. படம் போகும் இடமெல்லாம் அவையும் கூடவே போகும்.

சிறுபடமும் ஒட்டுங்கள். கையெழுத்துப் போட்டவுடன், அவர் அந்தத் தாளை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு படம் எடுத்துவிடுகிறேன். முகம், அன்றைய உடை, தாளின் எண் மூன்றும் ஒரே சட்டகத்தில் வந்துவிடும். இருபது வினாடி வேலை. ஐந்து பேர் இருந்தால் ஐந்து படம். எனக்குத் தெரிந்து இதைவிட உறுதியான முடிச்சு வேறில்லை.

அறிகுறி: தேடினால் ஃபைல் வரவில்லை, ஃபோல்டரைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது

தமிழில் ஃபைல் பெயர் வைத்தவர்களுக்கு இது நடக்கும். "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு "ொ" என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. மேக் கம்ப்யூட்டரின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வகை டிஸ்க் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும், மற்ற இடங்களில் பெரும்பாலும் சேர்த்துத்தான் இருக்கும். ஃபைல்கள் இரண்டுக்கும் நடுவே போய்வந்த பிறகு, "கொடி" என்று தேடினால் பாதி அகப்படும், பாதி அகப்படாது.

பெயரையே ஃபைல் பெயராக வைப்பதால் வேறு தொந்தரவும் உண்டு. முதலெழுத்து முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. திருமணத்துக்குப் பிறகு வேறு பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர். ஃபைலுக்கு எண்ணை மட்டும் வையுங்கள். எந்த எண் யாருடையது என்பதை ஒரு விரிதாளில் எழுதுங்கள்: எண், பெயர், கையெழுத்துத் தேதி, படம் எடுத்த தேதி, அன்று அவர் மேஜரா, படிவத்தின் எந்தப் பதிப்பு, அசல் தாள் எந்தப் பெட்டியில். அவ்வளவு போதும்.

அறிகுறி: ரிலீஸ் கிடைத்தது, ஆனால் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று தெளிவில்லை

படிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரு வருடம் வாங்கியதில் எல்லாப் பயன்பாட்டுக்கும் என்று இருக்கும். வேறொரு வருடம், ஒரு வாடிக்கையாளருக்காக எடுத்ததில், இந்த நாட்டுக்குள் மட்டும் என்று இருக்கும். விரிதாளில் இரண்டுக்கும் ஒரே "உண்டு" என்று குறித்து வைத்தால் வித்தியாசம் மறைந்துவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நெஸ்லே வழக்கைச் சொல்வார்கள். 1986-ல் ஒரு மாடலைப் படமெடுத்தார்கள். ஒப்பந்தம் கனடாவில் பயன்படுத்துவதைப் பற்றியது. 1998 முதல் அதே முகம் அமெரிக்காவில் நெஸ்லேயின் டேஸ்டர்ஸ் சாய்ஸ் காபியின் லேபிளில் வந்தது. 2002-ல் கடை அலமாரியில் அவர் தன் முகத்தைத் தானே பார்த்தார். 2005-ல் ஜூரி அவருக்கு 1 கோடியே 56 லட்சம் டாலர் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை, 2009-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. தொகை என்ன ஆனது என்பதை விட்டுவிடுவோம். படம் எடுத்து 16 வருடம் கழித்துக் கேள்வி வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். அன்றைய ஒப்பந்த வாசகம் படத்தோடு சேர்ந்து பயணம் செய்திருக்க வேண்டும்.

எனவே, விரிதாளில் வரம்பு என்று ஒரு கட்டம் சேருங்கள். காலி விடாதீர்கள், வரம்பு இல்லை என்றால் "வரம்பு இல்லை" என்று எழுதுங்கள். ஒவ்வொரு படிவப் பதிப்பின் வெற்றுப் பிரதி ஒன்றையும் தனியாக வையுங்கள்.

அறிகுறி: தாளே கெடுகிறது

கையெழுத்து மங்கினால் வெளிச்சமும் மையும் காரணம். பந்துமுனைப் பேனா மை வெயிலில் வெளுக்கும். சாதாரண ஜெல் மை தண்ணீர் பட்டால் ஓடும். பிக்மென்ட் மைப் பேனா ஒன்றைக் கேமராப் பையிலேயே போட்டுவைத்து, கையெழுத்துக்கு அதையே நீட்டுங்கள். மங்கத் தொடங்கிய தாளை இன்றே கலரில் ஸ்கேன் செய்யுங்கள். மேலே பேனாவால் திரும்ப எழுதிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அது அவர் போட்ட கையெழுத்தாக இருக்காது.

பிளாஸ்டிக் உறையில் எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் அது பிவிசி உறை. பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். ஸ்டேப்ளர் முள், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துரு ஏறினால் சரியாக அந்த மூலைதான் கிழியும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

நனைந்துவிட்டதா? ஒட்டியிருக்கும் தாள்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். இரண்டு நாளுக்குள் பூஞ்சை வரத் தொடங்கிவிடும் என்பதால் வேகம் முக்கியம். பிரிகின்றவற்றை மைஒற்றும் தாளுக்கு நடுவே வைத்து, வெயில் படாத இடத்தில் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். நிறைய இருந்தால், அல்லது கட்டியாக ஒட்டியிருந்தால், தாள்கட்டு முழுவதையும் அப்படியே ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அவகாசம் கிடைக்கும்.

அறிகுறி: ஆப்பில் வாங்கிய ரிலீஸ்கள் ஃபோன் மாறியதும் காணோம்

ஈஸி ரிலீஸ் மாதிரியான ஆப்களில் விரலால் கையெழுத்து வாங்குவது வசதிதான். ஆனால் ஆப் என்பது வாங்கும் இடம். அதைப் பெட்டகமாக நினைக்கக் கூடாது. பழைய ஃபோன் இன்னும் இருந்தால் அதை அழிக்காமல், திறந்து ஒவ்வொன்றையும் பிடிஎஃப்பாக வெளியே எடுங்கள். ஃபோன் போய்விட்டதென்றால் அதன் பேக்கப்பை வேறொரு ஃபோனில் மீட்டுப் பாருங்கள். உங்கள் மின்னஞ்சலின் அனுப்பிய பகுதியிலும் தேடுங்கள், மாடலுக்குப் பிரதி அனுப்பியிருந்தால் அங்கே இருக்கும். ஏஜென்சியின் தளத்தில் நீங்கள் ஏற்றிய பிரதியும் கைகொடுக்கலாம். ஆனால் கணக்கை மூடிய பிறகு அதுவும் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

டிஜிட்டல் சான்றிதழோடு கையெழுத்தான பிடிஎஃப்பை அச்சடித்து, ஸ்கேன் செய்து, அதை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். கையெழுத்தின் உருவம் மட்டும் மிஞ்சும். யார், எப்போது போட்டார், பிறகு ஏதாவது மாறியதா என்று சரிபார்க்கும் பகுதி போய்விடும். "பிரிண்ட் டு பிடிஎஃப்" கொடுத்தாலும் இதே கதி. வந்த ஃபைலை வந்தபடியே வையுங்கள், தணிக்கைப் பதிவு என்று தனி ஃபைல் வந்திருந்தால் அதையும் சேர்த்து.

அறிகுறி: ஃபைல் திறக்கவில்லை, அல்லது தவறுதலாக அழிந்தது எல்லா இடத்திலும் அழிந்துவிட்டது

கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரைப் பேக்கப் என்று நினைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். முதலில் கிளவுடின் குப்பைத்தொட்டியையும் பழைய பதிப்புகளையும் பாருங்கள், அங்கே சில காலம் தங்கும். அப்புறம் முறையை மாற்றுங்கள். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குப் பொருத்தம்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ரிலீஸ் ஃபைல் ஒன்று சில எம்பிதான். ஆயிரம் இருந்தாலும் ஒரு பென் டிரைவில் அடங்கும். படங்களுக்குச் சொல்லும் இடப் பஞ்சம் இங்கே கிடையாது.

சத்தமில்லாமல் கெட்டுப்போகும் ஃபைலைக் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றுக்கும் ஃபைலின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 கணக்கிட்டு 64 எழுத்துள்ள அந்த விடையைச் சேமித்துவைக்கலாம். வருடம் ஒருமுறை திரும்பக் கணக்கிட்டால் மாறியது எது என்று தெரிந்துவிடும். நீண்ட காலப் பிரதிக்குப் பிடிஎஃப்/ஏ வகை நல்லது. 2005-லேயே ஐஎஸ்ஓ தரமாக வந்தது, எழுத்துருக்களை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: குழந்தையாக இருந்தவர் வளர்ந்துவிட்டார்

படம் எடுத்த நாளில் என்ன வயது, அந்த இடத்தின் சட்டப்படி அன்று அவர் மேஜரா என்பதுதான் கணக்கு. அந்த வயது எல்லா இடத்திலும் 18 இல்லை. ஜப்பானில் 2022 ஏப்ரல் 1-ல்தான் 20-லிருந்து 18-க்கு இறங்கியது. 2021-ல் அங்கே எடுத்த 19 வயதுக்காரரின் தாளில் பெற்றோரோ காப்பாளரோ போட்ட கையெழுத்து இருக்க வேண்டும். பிறந்த தேதி விடுபட்டிருந்தால் இப்போதே கேட்டு விரிதாளில் சேர்த்துவிடுங்கள். வளர்ந்த பிறகு எடுக்கும் புதுப் படங்களுக்குப் பழைய தாள் உதவாது, அவரே புதிதாகப் போட வேண்டும்.

அறிகுறி: மாடல் தொடர்புகொண்டு, "என் படத்தை எடுத்துவிடுங்கள்" என்கிறார்

பதில் எழுதுவதற்கு முன் அவருடைய தாளை எடுத்து முழுதாகப் படியுங்கள். பெரும்பாலான ஏஜென்சிப் படிவங்களில் திரும்பப் பெற முடியாத ஒப்புதல் என்றுதான் இருக்கும். ஆனால் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டம் ஜிடிபிஆர் போன்றவை, தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமையை ஒருவருக்குத் தருகின்றன. படத்தின் கதி வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய விஷயம். "என் தகவல் உங்களிடம் என்ன இருக்கிறது?" என்பதற்கு நீங்களே பதில் சொல்லியாக வேண்டும், சேமிப்பு ஒழுங்காக இருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லலாம். ஏற்கனவே உரிமம் வாங்கியவர்களிடமிருந்து படத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், சட்டம் என் பக்கமே இருந்தாலும், மனமில்லாத ஒருவரின் முகத்தை நான் தொடர்ந்து விற்கமாட்டேன்.

அறிகுறி: தாளில் இருக்கும் முகவரி வெளியே போய்விட்டது

இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் ஃபோல்டரைப் பகிர்ந்திருப்பீர்கள். இணைப்பை உடனே ரத்து செய்து, சம்பந்தப்பட்டவர்களிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். இன்னொரு வகையும் உண்டு: பிடிஎஃப்பில் முகவரியின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புவது. அடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்து ஒட்டினால் வந்துவிடும். மறைக்க வேண்டுமானால் பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்தில் கட்டம் வரைந்து, அதை அனுப்புங்கள். அசலைத் தொடாதீர்கள். லேப்டாப்பிலும் வெளி டிஸ்க்கிலும் இருப்பதை என்கிரிப்ட் செய்துவையுங்கள்.

அறிகுறி: எங்கும் இல்லை, கிடைக்கவே இல்லை

எல்லாம் தேடியாயிற்று. சரி, முதலில் படத்தை வணிக விற்பனையிலிருந்து இறக்குங்கள். அப்புறம் மாடலைத் தொடர்புகொண்டு, நடந்ததைச் சொல்லி, புதுத் தாளில் கேளுங்கள். படம் எடுத்த தேதி பழையது, கையெழுத்துத் தேதி இன்றையது என்று இரண்டையும் உள்ளபடி எழுதுங்கள். முன்தேதியிட்டு வாங்கினால், ஒரு நல்ல மனிதரை உங்கள் பொய்க்குத் துணையாக்குகிறீர்கள். தேதி இடைவெளி ஏன் என்று ஏஜென்சி கேட்டால், தாள் தொலைந்ததால் திரும்ப வாங்கியது என்று ஒரு வரியில் எழுதுங்கள்.

அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது அவர் மறுக்கிறார் என்றால் அந்தப் படம் வணிக விற்பனைக்கு இல்லை. செய்திப் பயன்பாட்டுக்கு ஏஜென்சி ஏற்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். விரிதாளில் அந்தப் படத்தின் வரியை அழிக்காமல், "ரிலீஸ் இல்லை, இறக்கப்பட்டது" என்று தேதியோடு எழுதி, மெட்டாடேட்டாவின் நிலைக் கட்டத்தையும் "இல்லை" என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து அதே படத்தை நீங்களே திரும்ப ஏற்றிவிடுவீர்கள்.